வெளிச்சம் படாமல் வைக்கவும்

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு ஐஸ் அக்கா தெர்மோகோல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை நிரப்பிய ஐஸ் மொத்தமும் தண்ணீராகியிருந்தது. அதில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குப்பி தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பதினொரு வருஷமாகத் தற்காலிக டெக்னீஷியன். எந்த நேரமும் ஐஸ் பெட்டியும் கையுமாக அலைவதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. வருஷா வருஷம் புரொபசர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. இந்த வருஷக் கையெழுத்து புதன்கிழமை. வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் இருந்த டெக்னீஷியன், ஃப்ரீசர் கதவைச் சரியாகச் சாத்தாத குற்றத்துக்காக ஒரே நாளில் வெளியே போனவர்.

குப்பியில் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும், அது சப்பிப்போகாமல் தாங்கிப் பிடிக்க, புரத நூல்களால் ஆன எலும்புக்கூடு ஒன்று உண்டு. லேசில் கண்ணில் படாது. குப்பியிலுள்ள ஆன்டிபாடி அந்த நூல்களைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒட்டியிருக்கும் சாயம், நீல வெளிச்சம் பட்டதும் பச்சையாக மின்னும். சூடு ஆகாது, வெளிச்சமும் ஆகாது. கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பக்குவம் கிடையாது.

முன்பெல்லாம் ஸ்லைடு தயாரிப்பது, பார்ப்பது எல்லாமே அவள்தான். போன வருஷத்திலிருந்து, "இது முக்கியமான ஆராய்ச்சி, நானே பாத்துக்கறேன்" என்று புரொபசர் இருட்டறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். குப்பியை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் அவளுக்கு மிச்சம். அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்து ஊரே பேசிக்கொண்டது. அந்தப் படங்களைப் பார்த்துச் சொக்கிப்போன நிபுணர் ஒருவர், மைக்ராஸ்கோப்பில் நேரிலேயே ஒரு முறை பார்த்துவிட வேண்டுமென்று இன்று மதியம் மூன்று மணிக்கு வருகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பியை வாங்கிய அதே நொடியில்தான் வீட்டுக்காரர் போன் பண்ணினார். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாராம். விழுந்தடித்து ஓடியவள், குப்பியை மறந்தே போனாள்.

இப்போது அவருக்கே போன் போட்டாள்.

"என்னங்க, குப்பி கெட்டுப்போச்சுன்னு நெனக்கிறேன்."

"பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"பாக்காம ஏன் பொலம்புற? தொடச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சுடு. வாயத் தெறக்காத."

சொன்னபடியே துடைத்து வைத்துவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு சொட்டு எடுத்துச் செல் மேல் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கும்மிருட்டு. அமாவாசை வானத்தில்கூட நாலு நட்சத்திரம் இருக்கும்.

மறுபடியும் போன். "செத்துப்போச்சுங்க. ஒண்ணுமே தெரியல."

"பக்கத்துல யார்கிட்டயாச்சும் கடன் வாங்கி ஊத்து. பெயின்ட் கடையில நாங்க கலக்காத கலரா?"

பெயின்ட் கடை அவரை வெளியே அனுப்பியதற்கு அதுதான் காரணம் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

எதிர் ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். இரண்டு புரொபசர்களுக்கும் ஏழெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் மனுஷர் தங்கம்.

"அண்ணே, செல் எலும்புக்கூட்டுக்கு ஒட்டுற ஆன்டிபாடி, பச்சை, ஒரு சொட்டு கிடைக்குமா?"

"எலும்புக்கூடுதானே? இருக்கும்மா. எங்க சாருக்குத் தெரிஞ்சா என் எலும்பை எண்ணிடுவாரு."

அவரே வெளிச்சம் படாமல் கைக்குட்டையில் சுற்றி இருட்டறை வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவசரத்தில் எந்த நூலைப் பிடிப்பது என்று கேட்க மறந்துவிட்டாள். செல் எலும்புக்கூட்டில் மூன்று வகை நூல்கள் உண்டு என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். பயந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும்.

குப்பியில் கலந்து, புது ஸ்லைடு போட்டு, பன்னிரண்டு மணிக்குப் பார்த்தாள். பச்சை வந்தது. ஆனால் செல்லின் நடுவிலிருந்து நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய கோடுகளைக் காணோம். அதற்குப் பதில், உட்கருவைச் சுற்றிப் பறவைக்கூடு மாதிரி ஒரு சிக்கல். அது வேறு நூல். மூன்று மணிக்கு வருகிறவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மிச்சமிருந்த குப்பியும் இப்போது கலப்படம்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். மைக்ராஸ்கோப் விளக்கின் பியூஸைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, புரொபசர் அறைக்குப் போனாள்.

"சார்... மைக்ராஸ்கோப் விளக்கு எரியல சார்."

திட்டு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை.

"அடடா, அப்படியா? சரி, விடும்மா. மெஷின்னா அப்படித்தான். வர்றவருக்குப் பழைய படத்தையே காட்டிடலாம்."

இவ்வளவு நல்ல மனுஷரையா ஏமாற்றுகிறோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அங்கே உட்கார்ந்திருந்த நிறுவன டைரக்டர் போனை எடுத்தார்.

"அதெப்படி? அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாரு. நான் கம்பெனிக்காரனை வரச் சொல்றேன்."

கூப்பிட்டால் இரண்டு வாரம் கழித்து வருகிற எஞ்சினியர், அன்றைக்கென்று பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தான். இருபது நிமிஷத்தில் வந்து, ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தான்.

"விளக்கு நல்லாத்தான் சார் இருக்கு. யாரோ பியூஸைக் கழட்டியிருக்காங்க."

தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. புரொபசர் முகம் கறுத்தது. மறு நிமிஷம் வெடித்தார்.

"சதி சார் இது! காலைல இந்தப் பக்கம் யாரு வந்தாங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எதிர் லேப் அண்ணன்... வந்தாரு சார்."

பொய்யில்லை. ஆனால் பொய்யைவிடக் கேவலம் என்று சொன்ன வாய்க்கே தெரிந்தது.

"கேட்டீங்களா! எதிர் லேப் ஆளு! மைக்ராஸ்கோப்புல வேற என்னென்ன பண்ணி வெச்சிருக்கானோ! இனிமே இதை யாரும் தொடக் கூடாது. விசாரணை முடியறவரைக்கும் எதையும் காட்ட முடியாது. வர்றவரைத் திருப்பி அனுப்புங்க!"

இரண்டரை மணிக்குக் கண்ணாடிக்காரரை டைரக்டர் அறையில் நிற்கவைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக் கொடுத்ததை அவர் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"கடைசியாக் கேக்கறேன். எதுக்குய்யா அங்க போனே?" என்றார் டைரக்டர்.

"சும்மாத்தான் சார்."

"சும்மாவா? அப்போ நாளைலேர்ந்து வீட்லயே சும்மா இரு."

வாசலில் நின்றிருந்த ஐஸ் அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. உள்ளே போய், பியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவரு மேல தப்பில்ல சார். நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். உருகின ஐஸ், செத்துப்போன குப்பி, கடன் வாங்கின சொட்டு, பியூஸ். சொல்லி முடிக்கும்போது முந்தானை நனைந்திருந்தது. பயம் போய்விட்டது. வெட்கம்தான் மிச்சமிருந்தது.

"மூணு நாளா ஐஸ் இல்லாமக் கெடந்திருக்கு சார். அதான் கெட்டுப்போச்சு. என் கவனக்குறைவு."

"பாத்தீங்களா சார்!" புரொபசர் எழுந்துவிட்டார். குரலில் கோபத்தைவிடத் தெம்புதான் அதிகம். "என் மொத்த ஆராய்ச்சியையும் நாசம் பண்ணிட்டா! இனிமே அந்தப் படத்தை யாரு கேட்டாலும் என்னால திரும்ப எடுத்துக் காட்ட முடியுமா? இவதான் காரணம்னு எழுதிக்குங்க சார்!"

டைரக்டர் எழுதினார். எழுதிய தாளை அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், பதினொரு வருஷம் முடிந்தது. வீட்டுக்குப் போய் அந்த மனுஷரிடம் என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

"போனது போகட்டும்" என்று டைரக்டர் ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டார். அவர் தடிமனான பதிவேட்டோடு வந்து நின்றார்.

"இவங்க லேபுக்குப் போன தடவ கொடுத்தீங்களே, அதே பச்சைக் குப்பி, புதுசா ஒண்ணு உடனே வரவழைங்க. இவங்க கெடுத்துட்டாங்க."

ஸ்டோர்கீப்பர் பதிவேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் புரொபசரைப் பார்த்துக் குழம்பினார்.

"அதுல கெட்டுப்போக என்ன சார் இருக்கு? மருந்து தீர்ந்து எட்டு மாசமாச்சு, வேற வாங்கவான்னு கேட்டதுக்கு, 'வேணாம், காலிக் குப்பியில உப்புத் தண்ணிய ஊத்திக் குடு, படத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்'னு நம்ம புரொபசர் சார்தானே சொன்னாரு?"