ஜாடிக்கு அடியில் ஒரு பாஸ்வேர்டு

ஜாடிகளைக் கவிழ்த்துப் பார்த்த அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: செல்வி அக்கா, பக்கத்து வீட்டுச் சூளைத் தொழிலாளி கோவிந்தன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பரீட்சைக்காகக் கடலூர் நர்சிங் கல்லூரிக்குத் திரும்பிப் போயிருந்த அக்காவின் மகள் ஒருத்தி. அக்காவின் வீட்டுக்காரர் பின்கோடு அண்ணன் இன்னொருவர். அவர் போய் இருபது நாள் ஆகியிருந்தது.

விருத்தாசலத்தில் அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. பீங்கான் ஜாடிகளை ஆன்லைனில் விற்றார். தபால் கட்டணத்தையும் கம்ப்யூட்டரிலேயே கட்டி, லேபிளை வீட்டிலேயே அச்சடித்து ஒட்டி அனுப்புவார். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் பின்கோடு சொல்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்காமல், "மாப்ள வூட்டு பின்கோடு என்னங்க?" என்று கேட்டவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். அண்ணனும் கூப்பிடுவார். பாஸ்வேர்டு போடும் நேரத்தில் மட்டும் குரல் மாறிவிடும்.

"தம்பி, செவுத்தப் பாரு."

பார்ப்பேன்.

"கண்ண மூடு."

"செவுத்தத்தானேண்ணே பாக்குறேன்?"

"செவுத்துல கண்ணாடி மாட்டியிருக்குதுடா."

பிறகு தலையையும் கீபோர்டையும் சேர்த்துப் போர்வையால் மூடிக்கொள்வார். உள்ளே இருட்டில் எழுத்து தெரியாமல் தப்பாக அடித்துவிட்டு, "எவனோ மாத்திட்டான்!" என்று போர்வைக்குள்ளிருந்து கத்துவார்.

ஜாடி விற்கும் தளத்தில் கணக்கு செல்வி அக்கா பெயரில்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கும் சொல்லவில்லை. "கணக்கு உன் பேர்ல, பாஸ்வேர்டு என் கையில. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா திருடனுக்கு வேல சுலுவா பூடும்ல?"

ஒருமுறை, பார்சல் நின்றுவிட்டது, ஐந்து ரூபாய் கட்டினால் விடுவிப்போம் என்று ஒருவன் போன் செய்தான். அண்ணன் முக்கால் மணி நேரம் அவனை விடவில்லை. "உன் ஆபீஸு பின்கோடு சொல்லு. ம்... அந்த பின்கோடுல ஆபீஸே கெடையாதே தம்பி, ஏரிதான இருக்குது? தண்ணிக்குள்ளயிருந்தா பேசுற?" அவனே கும்பிட்டுவிட்டுப் போனை வைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு போனது: 'எங்கள் பெயரைச் சொல்லி யார் போனில் எதைக் கேட்டாலும் சொல்லாதீர்கள். நானே கேட்டாலும் சொல்லாதீர்கள்.'

ஒரு காலையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போகும்போது அக்காவிடம் சொன்னது இரண்டே வார்த்தை. "ஜாடிக்கு அடியில." ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

ஜாடி விற்ற பணம் முப்பத்தெட்டாயிரம் அந்தக் கணக்கில் கிடந்தது. மகளுக்கு இரண்டாம் வருடப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்திப் பார்த்தேன். புதியதை அண்ணனின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த மின்னஞ்சலுக்கு வேறொரு பாஸ்வேர்டு.

கோவிந்தன் முதலில் ஜாடிகள் அடுக்கியிருந்த இடத்தில் தரையைத் தோண்டினார். அரை ஆள் பள்ளம் விழுந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அட, போன வருசம் ஒரு ஜாடிய அவரே சூளைக்குத் தூக்கியாந்தாரு. அடியில யாரும் பாக்கக்கூடாதுன்னு துணி சுத்தியிருந்தாரு. வெந்தா துணி எரிஞ்சிடுமேண்ணேன்னேன். 'எரியட்டும், எழுத்து நிக்கும்ல? பேப்பரு கிழியும், சூளையில வெந்தது அழியாது'ன்னாரு."

நூற்று நாற்பது ஜாடிகளைக் கவிழ்த்தோம். ஒன்றின் அடியிலும் எதுவும் இல்லை. அக்கா பிரிண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அய்யோ தம்பி, பிரிண்டர்கிட்ட ஒரு ஜாடி இருந்துச்சு. அவரு கடைசியா அடிச்ச லேபிளு, சேலத்துக்கு. அந்த அளவுல ஒரு ஜாடி கொறஞ்சுது. அவரு லேபிளு ஒட்டுன பொட்டி சும்மா கெடக்கக் கூடாதேன்னு காரியம் முடிஞ்ச மறுநாளு அத நாந்தான் வச்சு அனுப்புனேன். அடியில ஏதோ எழுதியிருந்துச்சு. பேட்ச் நம்பருன்னு நெனச்சிட்டேன்."

சேலத்துக்குப் போன் போட்டேன். ரிடையரான டீச்சர் ஒருவர் எடுத்தார்.

"வணக்கங்கம்மா. ஜாடி அனுப்புனமே, அதோட அடியில எழுதியிருக்கறத கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"எதுக்குப்பா?"

"அது எங்க பாஸ்வேர்டுங்க."

அந்தப் பக்கம் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. "நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு உங்க மொதலாளியே எழுதியிருக்காரு. வைடா போன!"

அடுத்த முறை போட்டால் மணியே அடிக்கவில்லை. செல்வி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "போயும் காவலு காக்குது பாரு இந்த மனுசன்."

மறுநாள் ரயிலேறிச் சேலம் போனேன். டீச்சர் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. ஆதார் கேட்டார், காட்டினேன். போதவில்லை. கடைசியில் எங்கள் தெருவில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் செல்போனில் காட்டினேன். அண்ணன் அதிலும் படம் எடுத்தவரைச் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"இவரா அந்தச் சீட்டு எழுதினது?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஜாடி நிறைய நார்த்தங்காய் ஊறியிருந்தது. அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைக் கழுவித் துடைத்து, அடிப்பக்கம் தெரியாதபடி நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "நான் படிக்கலப்பா. அவரு வீட்டம்மாகிட்ட சொல்லிடு."

நானும் பிரிக்கவில்லை. அக்காதான் பிரித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவரே அடித்தார். கணக்கு திறந்தது. ஒரு பைசா குறையவில்லை. வியாழக்கிழமையே மகளுக்குப் பணம் கட்டினோம். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். பழையது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

அன்று மாலையே டீச்சருக்குப் புது ஜாடி கட்டினோம். லேபிளை அக்காவே அச்சடித்தார். ஒட்டிய பிறகும் கையை எடுக்காமல், அவர் நீவுவது போலவே நான்கு மூலையையும் நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். "கோணலாயிருந்தா திட்டுவாரு தம்பி" என்றார்.

ரயில், டவுன் பஸ், ஒரு டீ: நூற்றிருபத்திரண்டு ரூபாய். புது ஜாடிக்கு லேபிளில் கட்டிய தபால் கட்டணம் நூற்று நாற்பது. ஆக மொத்தம், அண்ணனின் பாஸ்வேர்டைத் திரும்ப வாங்க ஆன செலவு இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய்.