தவசிமுத்துவின் விரல்

வெண்குடை நாட்டில் இறந்தவர்களுக்கு மரியாதை அதிகம். மற்ற நாடுகளில் செத்தவனுக்குத் திவசத்தோடு சரி. வெண்குடை நாட்டில் அவனுக்கு ஓட்டு உண்டு. மன்னரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் உயிரோடிருப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டோடு இருந்துவிடுவார்கள். இறந்தவர்களோ ஒருவர் விடாமல் வந்து மாமன்னர் வாரிவழங்கிக்கு வாக்களித்துவிட்டுப் போவார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது அங்கே குடிமக்களுக்கும் பொருந்தியது. இன்னும் சொன்னால் இருக்கிறவனைவிட இறந்தவன்தான் உசத்தி. அவன் தண்ணீர் வரவில்லை என்று காலிக்குடத்தோடு சாலையில் உட்காரமாட்டான்.

அந்த நாட்டின் மேலக்கரை என்னும் ஊரில் அன்னபாக்கியம் என்றொரு அம்மாள் இருந்தாள். அவள் கணவர் தவசிமுத்து வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போனது ஒரு பழைய பச்சைக் கார். கதவை இரண்டு தரம் ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். ஆனால் இன்ஜின் மட்டும் சாவி போட்டதும் பிடித்துக்கொள்ளும்.

தவசிமுத்து போன அதே மாதம் பக்கத்து வீட்டுப் பவுன்தாயிக்கு இடுப்பு வலி கண்டது. பேறுகால இல்லம் பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம். அதை நடத்தும் செசிலியிடம் இருந்தது ஒரு தள்ளுவண்டிதான். மேடு ஏறும்போதே பிள்ளை பிறந்து, பிறந்த இடத்திலேயே போய்விட்டது. பவுன்தாயியின் தலை அன்னபாக்கியத்தின் மடியில் இருந்தது. அப்போது அந்தப் பச்சைக் கார் ஓட்ட ஆளில்லாமல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நின்றது.

இப்போது பவுன்தாயி மறுபடியும் நிறைமாதம். செசிலிக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று கேள்விப்பட்டதும் அன்னபாக்கியம் வேறெதையும் யோசிக்கவில்லை. "வண்டிய இல்லத்துக்கே வச்சுக்க தாயி" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

செசிலி முச்சந்தியைத் தாண்டவில்லை. காவலர்கள் நிறுத்தி ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார்கள். அதில் தவசிமுத்து என்றிருந்தது. செசிலியைப் பார்த்தால் தவசிமுத்து மாதிரி இல்லை. கார் வாகன உரிமை அலுவலகத்து வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அன்னபாக்கியம் உரிமைப் பேரதிகாரி கோமதிநாயகத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, இந்த நாட்டுல தானம் கொடுக்கிறது யாரு?" என்றார் அவர்.

"மனசு இருக்கிறவங்க யாரும் கொடுக்கலாமே சார்."

கோமதிநாயகம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "இதையெல்லாம் சத்தமாச் சொல்லாதம்மா. கொடுக்கிறவர் மாமன்னர் ஒருத்தர்தான். மத்த எல்லாரும் வாங்கிக்கிறவங்க. நீ வண்டிய மாமன்னருக்குக் கொடு. மாமன்னர் அதை இல்லத்துக்குக் கொடுப்பார். வண்டியில அவர் படம் இருக்கும். அதுதான் முறை."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று ஒரு பழமொழி உண்டு. அந்த நாட்டில் அதற்கு நிதிநிலை அறிக்கை என்று பெயர்.

"படம்தானே, ஒட்டிக்கங்க. வண்டி ஓடினாச் சரி" என்றாள் அன்னபாக்கியம்.

படம் அன்றைக்கே வந்துவிட்டது. முன்கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டு மாமன்னர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அரசாங்கத்தில் உடனுக்குடன் நடந்த வேலை அது ஒன்றுதான்.

"இனி தவசிமுத்து வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார் கோமதிநாயகம்.

"அவருதான் செத்துப்போயிட்டாரே சார். கருமாதிக்கு நீங்களும் வந்து சாப்பிட்டீங்களே."

"சாப்பிட்டேன். வடை நல்லா இருந்துச்சு. ஆனா அங்க வந்தது வெறும் கோமதிநாயகம். இங்க உட்கார்ந்திருக்கிறது பேரதிகாரி. பேரதிகாரிக்கு இறப்புச் சான்றிதழ் வேணும்."

அவள் உயிர்நீத்தோர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் பெயரைக் கேட்டதுமே கையைக் கூப்பிவிட்டார்.

"தவசிமுத்து ஆவணியில ஓட்டுப் போட்டிருக்காரேம்மா! ஓட்டுப் போட்டவங்க எல்லாரும் உயிரோட இருக்கிறவங்கன்னு அரசாணை இருக்கு. நான் சான்றிதழ் கொடுத்தா அந்த ஓட்டு செல்லாமப் போயிடும். ஒரு ஓட்டு செல்லாதுன்னா அடுத்த ஓட்டு என்ன ஆகும்? வேண்டாம்மா, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

இங்கே தவசிமுத்து உயிரோடு இருந்தார், அங்கே கையெழுத்துப் போட வரவில்லை. இரண்டு அலுவலகத்துக்கும் நடந்து அன்னபாக்கியத்தின் செருப்புதான் தேய்ந்தது.

இதற்குள் சங்கதி அரண்மனைக்கு எட்டிவிட்டது. ஒரு குடிமகள் தானம் கொடுக்கப் பார்த்தாளாமே என்று மாமன்னருக்கு ஒரே வருத்தம். முன் அனுமதியின்றி யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று முதல் ஆணை வந்தது. அன்றிலிருந்து மேலக்கரையில் பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கவும் முத்திரை வேண்டியிருந்தது. முத்திரை வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். வழிப்போக்கனுக்கு மோர் ஊற்றிய ஒருவரைப் பானையோடு பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர் பெயரில் கிடக்கும் வண்டி, வீடு, வயல் எல்லாம் ஐப்பசி முடிந்ததும் அரண்மனைக்கே சொந்தம் என்று இரண்டாம் ஆணை வந்தது. பவுன்தாயிக்கும் ஐப்பசிதான் கணக்கு.

"விட்டுருங்க அத்தை. வலி வர்றதுக்கு முன்னாடியே நான் மெல்ல நடந்து போயிடுறேன்" என்றாள் பவுன்தாயி.

"நடப்பியா? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு அந்த மேட்ட நடப்பியா?" அன்னபாக்கியம் அவளைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தாள். "ஒரு பிள்ளைய என் மடியில பறிகொடுத்தது போதும்டி. இந்தப் பிள்ளை அந்தக் கார்லதான் போகும். நீ சும்மா படு."

அன்று அவள் கண்ணில் பட்டவன் ஒச்சப்பன். அந்தத் தெருவுக்கு மாமன்னர் கட்சியின் பொறுப்பாளன். தேர்தல் முடிந்ததிலிருந்து இடது கையை வேட்டி மடிப்பை விட்டு வெளியே எடுக்காமல் நடமாடினான். ஐந்து விரலிலும் மை அப்பியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் கேட்டதில்லை.

அன்னபாக்கியம் கேட்டாள். "கொழுந்தனாரே, எங்க வீட்டுக்காரர் ஓட்ட நீங்கதானே போட்டீங்க?"

"மதினி, தெருவுல வச்சு என்ன பேச்சு இது?"

"நான் சண்டைக்கு வரல. ஓட்டுப் போட்டதுக்குச் சந்தோஷம். அப்படியே ஒரு கைநாட்டும் வச்சிருங்க. வரலைன்னா சந்தையில நின்னு இதே கேள்விய இன்னொரு தரம் கேப்பேன்."

ஒச்சப்பன் வந்தான்.

"இதோ தவசிமுத்து வந்திருக்காரு சார்" என்றாள் அவள்.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது நம்ம ஒச்சப்பன்ல?"

"ஆளு ஒச்சப்பன்தான். விரலு தவசிமுத்துவோடது. மை இன்னும் இருக்கு, பாருங்க. ஆவணியில மாமன்னர் இந்த விரல ஒத்துக்கிட்டாரு. நீங்க ஒத்துக்கலைன்னா, இது தவசிமுத்து விரல் இல்லைன்னு உங்க கையால எழுதிக் கொடுங்க. நான் போயிடுறேன்."

பேரதிகாரி சுவரில் இருந்த மாமன்னர் படத்தை அண்ணாந்து பார்த்தார். படம் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்தார்.

கார் வெளியே வந்தது. மாமன்னர் படத்தைக் கிழிப்பது குற்றம். ஆனால் அதில் துளை போடக்கூடாது என்று எந்த ஆணையிலும் இல்லை. செசிலி கத்தரிக்கோல் முனையால் பல்வரிசையை மட்டும் அளவாக வெட்டி எடுத்துவிட்டு, மன்னரின் வாய் வழியாகப் பாதையைப் பார்த்து ஓட்டினாள். அந்த வாரத்திலேயே ஒரு விடியலில் பவுன்தாயி அதில் போனாள். பெண் குழந்தை. அழுத அழுகை மேட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது என்பார்கள். அன்னபாக்கியம் காரின் பின்கதவில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் ஒச்சப்பன் கதவைத் திறந்தால் வாசலில் ஊரே நின்றது.

"எங்க அப்பா ஓட்டையும் நீதானேப்பா போட்ட? வயலு இன்னும் அவர் பேர்லதான் கிடக்கு. வா, ஒரு கைநாட்டு" என்றார் முதலில் நின்றவர்.

பாவம், ஒச்சப்பன் காலையில் ஒருவருக்கு அப்பனானான், மத்தியானம் இன்னொருத்திக்கு மாமியாரானான். அரண்மனைக்குப் போகவேண்டிய வயலும் வீடும் வரிசையாக வாரிசுகளுக்குத் திரும்பின. மற்ற ஊர்களிலும் மை விரல்களைத் தேடி ஆட்கள் கிளம்பினார்கள். கஜானா காவலர்கள் ஓடிப்போய்ச் சொல்ல, மாமன்னர் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு மூன்றாம் ஆணையைப் பிறப்பித்தார்.

முரசறைபவன் அதை மேலக்கரைச் சந்தையில் படித்தான். "இறந்தவர்கள் அனைவரும் இறந்தவர்களே! இறந்த நாள் முதலாகவே இறந்தவர்கள்! ஆகவே அவர்கள் விரலால் நடந்த பெயர் மாற்றம் யாவும் செல்லாது!" பக்கத்தில் நின்ற கோமதிநாயகம் பச்சைக் காரின் சாவிக்குக் கையை நீட்டினார். ஆணையின் வாசகம் அவர் எழுதியதுதான். அதில் அவருக்குப் பெருமை.

அன்னபாக்கியம் செசிலியின் கையிலிருந்த சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு முரசறைபவனைப் பார்த்தாள்.

"ஏப்பா, செத்த நாள்லருந்தேவா?"

"ஆமாம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப ஆவணி மாசமும் அவங்க செத்துத்தான் இருந்தாங்க?"

சந்தையில் தராசுகள் நின்றன. முரசறைபவன் ஓலையை இன்னொரு தரம் படித்துப் பார்த்தான். பிறகு முரசுக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தோடு வந்து நின்றான். கோமதிநாயகத்தின் கை நீட்டியபடியே இருந்தது.

"வண்டிய எடு தாயி" என்று முடிச்சை அவிழ்த்துச் சாவியைச் செசிலியிடம் கொடுத்தாள் அன்னபாக்கியம். "அரண்மனை வரைக்கும் போகணும். சிம்மாசனம் யாரு பேர்ல இருக்குன்னு பார்த்துட்டு வந்துருவோம்."

கதவை இரண்டு தரம் ஓங்கிச் சாத்தினார்கள். காரில் இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நடந்தார்கள்.