தோமரிநாய் ஏரியில் நான் பிடித்த மீன்

இந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவையாவது மிசாவோ இல்லாமல் மீன் பிடிக்கப் போவது என்று தீர்மானித்தேன். மிசாவோ என் மனைவி. தீர்மானம் எடுத்தபோது எதிரில்தான் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. பெரிய தீர்மானங்கள், முள்ளங்கி ஊறுகாய் போல, சில நாள் மூடிய பானையில் இருக்க வேண்டும்.

ஜனவரி வந்தால் எங்கள் ஊர் ஏரி உறைந்துவிடும். அதன் மேல் கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் ஆளுக்கொரு துளை போட்டு, வகாசாகி பிடிப்போம். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். மாவில் தோய்த்துப் பொரித்தால் தலையும் வாலுமாக அப்படியே சாப்பிடலாம். அதைப் பிடிக்கப் பலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும் என்பார்கள். என்னிடம் மூன்றும் உண்டு. மீன்தான் வருவதில்லை.

என் துளைக்கும் மிசாவோவின் துளைக்கும் நடுவில் ஒரு தேநீர்க் கெட்டில் வைக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி. ஒரே புழு, வரிசையாக முள் கட்டிய ஒரே மாதிரித் தூண்டில் நரம்பு, கீழே ஒரே தண்ணீர். அவள் ஒரு கையால் தூண்டிலை லேசாக ஆட்டுவாள், மறுகையால் ஆரஞ்சுப் பழத்தை உரிப்பாள். இழுத்தால் கொத்தாக வரும், துணி காயப்போட்ட கொடி மாதிரி. என் முள்ளில் போன புழு போனபடியே, கொஞ்சம் குளிர்ந்து திரும்பி வரும். போன வருடம் இடத்தை மாற்றிக்கொண்டோம். மீன்களும் மாற்றிக்கொண்டன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இதுதான். வெளியூர்க்காரர் ஒருவர் ஏரிக்கரையில் என்னைக் காட்டி யார் என்று விசாரித்தார். புழு விற்கிறவன் தலை நிமிராமல் சொன்னான்: "அவரா? மிசாவோசானோட வாளி தூக்குறவர்." 'சான்' என்கிற மரியாதை ஒட்டு அவளுக்கு மட்டும்.

ஓய்வு பெறும்வரை நான் ரயில் நிலைய அதிகாரி. நான் கொடி காட்டாமல் இந்த ஊரிலிருந்து ஒரு பெட்டி நகர்ந்ததில்லை. பிறகு ரயிலையே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தின் மேல் இப்போது பனி மட்டும் ஒழுங்காக வந்து சேர்கிறது.

ஆகவே தோமரிநாய் ஏரி. வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது என்று கேள்வி. நான் பார்த்ததில்லை. முக்கியமாக, மிசாவோவும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரியாத தண்ணீர் எங்கள் வடக்குத் தீவில் எங்கேயோ இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த வீட்டு தோகாஷியின் டிராக்டர் பட்டறையில் திட்டம் தீட்டினோம். வண்டி அவனுடையது. திரும்பும்போது நான் ஓட்டுவது என்று ஏற்பாடு. தோகாஷி குளிருக்காகக் குடிப்பவன், குளிர் எப்போதும் இருக்கிற ஊரில் பிறந்தவன். மிசாவோ வரமாட்டாளா என்று கேட்டான். வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, உன்னாலா என்றான்.

என் உத்தி பயமுறுத்துவது. இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"தோமரிநாயில குளிர் மைனஸ் முப்பதுக்குப் போகுதாம்."

"அப்படியா."

"கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவுல நம்ம ஊரையே வைக்கலாமாம்."

"ம்."

"காத்து அடிச்சா கூடாரம் ஆளோட பறந்துடுமாம்."

"யார் போறது?"

"நானும் தோகாஷியும்."

"போயிட்டு வாங்க அப்பா."

பிள்ளைகள் இருவரும் சப்போரோ நகரத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. இன்னும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். திரும்பிப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பயமுறுத்துவதற்கு மேலும் இரண்டு கரடிகளைத் தயாராக வைத்திருந்தேன். அவை வீணாயின. அவள் சூப் கிண்ணத்தை எடுத்தபடி கேட்டாள்:

"அந்த ஏரியில ஆறு எந்தப் பக்கம் வந்து விழுது?"

"எங்கயாவது விழும்."

"ஆழம்?"

"பெரிய ஏரி. ஆழமாத்தான் இருக்கும்."

"ம்," என்றாள்.

ரயில்வேயில் சிவப்பு விளக்குக்கு என்ன அர்த்தமோ, அதுதான் எங்கள் வீட்டில் அந்த 'ம்'முக்கு. நான் நிற்காமல் போனேன்.

மறுநாள் காலை நிஷிகோரி அம்மாள் வந்தார். மூன்றாவது வீடு, தனியாக இருக்கிறார், எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒரு டப்பா நீட்டினார். தோமரிநாய் போகிறீர்களாமே, வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சொல்லி வாங்கினேன். கதவைச் சாத்திய பிறகுதான் அந்த டப்பாவின் விலை உறைத்தது.

பயணம் போகிறவருக்கு வழிக்கு என்று ஏதாவது கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கிக்கொண்டவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன இடத்துப் பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போகிற இடம் மீன் ஏரி என்றால், மீன்.

மத்தியானத்துக்குள் பால்பண்ணைக்காரர் வீட்டிலிருந்து வெண்ணெய் வந்தது. முடிதிருத்துகிறவர் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டைகளைக் கொண்டுவந்தார். கோயில் பூசகர் அரிசி மது ஒரு பெரிய புட்டி அனுப்பினார். தெருவில் மிச்சம் இருந்த வீடுகள் சாயங்காலம் வந்தன. ஒவ்வொருவரும் குனிந்து வணங்கினார்கள். நானும் குனிந்தேன். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு தட்டு மீன் என் தலையில் ஏறியது.

"யார் சொன்னது இவங்க எல்லாருக்கும்?"

"நான்தான்," என்றாள் மிசாவோ. "பெரிய ஏரிக்குப் போறீங்க. பெருமையா இருந்துச்சு. சொல்லக் கூடாதா?"

சொல்லக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை நான் சொல்ல முடியாது.

பட்டறைக்கு ஓடினேன். வெறுங்கையோடு வந்தால் பனி உருகும்வரை இந்தத் தெருவில் தலை காட்ட முடியாது என்றேன். தோகாஷி யோசித்துவிட்டு, தோமரிநாய் சாலையில் ஒரு மீன் கடை உண்டு, வகாசாகி விற்கிறார்கள் என்றான். நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் கடை மீன் வேறு ஊரிலிருந்து உறைந்து வருவது, வயிறு கிழிந்திருக்கும், நிஷிகோரி அம்மாள் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்றும் சொன்னான். யாருடைய கண்ணை என்றேன். மீனுடையதைத்தான் என்றான். மாவில் தோய்த்துவிட்டால் கண் தெரியாது என்று முடிவுக்கு வந்தோம். பொரித்தே கொடுத்துவிடலாம்.

வெளியே சொல்லாதே என்றேன். யாரிடம் சொல்லப்போகிறேன் என்றான். அவனுக்கும் மனைவி உண்டு என்பதை அந்த அவசரத்தில் நான் மறந்தேன்.

விடியும் முன் கிளம்பினோம். மிசாவோ வாசல்வரை வந்து வெந்நீர்க் குடுவையைக் கொடுத்தாள். அவளும் அந்நேரத்துக்கே காலணி மாட்டியிருந்தாள். பனி வாரப் போகிறாள் என்று நினைத்தேன்.

தோமரிநாய் ஏரியைப் பற்றிக் கேட்டதெல்லாம் உண்மை. வெள்ளை போய்க்கொண்டே இருந்தது, முடிவதற்கு மறந்துவிட்டது போல. அதன் நடுவில் எங்கேயோ பனிக்கட்டி விரிசல் விட்டது. கிணற்றுக்குள் கப்பி உருளும் சத்தம். பிறகு அது நின்றதே ஒரு சத்தம் மாதிரி இருந்தது. தூரத்தில் கூடாரங்கள் கூட்டமாக நின்றன. கூட்டத்தோடு சேர்ந்தால் பிடித்தது என் திறமை என்று யார் சொல்வார்? தனியே, ஏரியின் நடுப்பக்கமாகப் போனோம். துளை போட்டோம். மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவியை தோகாஷி கடன் வாங்கி வந்திருந்தான். அது குளிரில் பேட்டரி இறந்து எங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றது.

நரம்பை விட்டேன். அடி தட்டவே இல்லை. பூசகரின் மது மத்தியானத்துக்கு முன்பே பாதியானது. தோகாஷி கூடாரத்தில் படுத்துக் குறட்டை விட்டான். வாளியில் ஒரு மீன்கூட இல்லை. நிஷிகோரி அம்மாளின் டப்பாவைத் திறந்து ஊறுகாய் தின்றேன். நன்றாக இருந்தது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறு எந்தப் பக்கம் வந்து விழுது?

கேட்டவள் பக்கத்தில் இல்லை. ஆனாலும் நான் எழுந்து, பதில் தெரிந்துகொள்ளப் போனேன். துளைக்கும் கருவியையும் வாளியையும் சறுக்குப் பலகையில் வைத்து, கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு, மலை இரண்டாகப் பிரியும் பக்கம் நடந்தேன். அங்கேதான் ஆறு. பனி மெலிந்த இடம் என்று கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெகுதூரம் இப்பாலேயே நின்றேன். கூடாரம் இல்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஒரு துளை போட்டேன். நரம்பு சீக்கிரமே தரை தட்டியது. கொஞ்சம் தூக்கினேன்.

தூண்டில் நுனி தலையாட்டியது. என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சீக்கிரம் ஆமாம் என்று சொன்னதில்லை.

இழுத்தேன். எல்லா முள்ளிலும் மீன். மறுபடி விட்டேன். மறுபடி எல்லா முள்ளிலும். கையுறையைக் கழற்றிவிட்டேன். விரல்கள் என்னுடையவை என்பது மறந்துபோனது. மீன்கள் பனியில் விழுந்து ஒரு துள்ளல் துள்ளி, துள்ளிய வடிவத்திலேயே உறைந்தன. பார்க்க ஒருவரும் இல்லை. கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணிகள் மட்டும் காற்றில் படபடத்தன. கொடி காட்டுகிறவர்கள் போல.

வாளி நிறைந்தது. இழுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பியபோது தோகாஷி ஒரு கண்ணைத் திறந்தான். வாளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எப்ப கடைக்குப் போனே?"

"பிடிச்சது."

"சரி."

"ஆத்துப் பக்கம் போய்ப் பிடிச்சேன்டா."

"சரிங்கறேனே. வண்டிச் சாவி உன் பையிலதானே இருக்கு."

இருந்தது. திரும்புகையில் ஓட்டப்போவது நான் என்பதால் காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன். அவனிடம் வாதாடவில்லை. அந்தக் கடையைத் தாண்டியபோது வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, நான் நிற்கவில்லை என்பதை அவனுக்குக் காட்டினேன். அவன் மறுபடி தூங்கியிருந்தான்.

வழி முழுக்க மிசாவோவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். முதலில் வாளியைச் சத்தமில்லாமல் சமையலறை நடுவில் வைப்பது. அவள் கேட்கும்வரை பேசாமல் இருப்பது. கேட்டதும், உன் கேள்விதான் வழி காட்டியது என்று ஒப்புக்கொள்வது. வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மை சுலபம். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தெருமுனையில் நிஷிகோரி அம்மாள் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினேன். வாளியைத் தூக்கிக் காட்டலாமா என்று கை போனது. அவர் முந்திக்கொண்டு குனிந்தார்.

"மீன் பிரமாதம், ஓரிகாசாசான். இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சேன்."

ஓரிகாசா என்பது நான்தான். எந்த மீன் என்றேன்.

"காலையில பிடிச்சதை, தெரிஞ்சவங்க வண்டியில முன்னாடியே குடுத்து விட்டீங்களாமே. மிசாவோசான் கொண்டுவந்து தந்தாங்க. கண்ணு என்ன தெளிவு. கடை மீன்ல அந்தக் கண்ணு வராது."

பால்பண்ணைக்காரர் எதிரில் வந்து நன்றி சொன்னார். முடிதிருத்துகிறவர் கடை வாசலிலிருந்தே வணங்கினார். நான் வண்டிக்குள் உட்கார்ந்தபடி தலையாட்டிக்கொண்டே போனேன்.

வீட்டு முன்னறையில் மிசாவோவின் ஏரிக் காலணிகள் ஈரமாக நின்றன. பக்கத்தில் ஊர் ஏரி வாளி, கழுவிக் கவிழ்த்து. சமையலறையில் என் வாளியைச் சத்தமில்லாமல் வைக்க மறந்துவிட்டேன். தொப்பென்று விழுந்தது.

"எல்லா வீட்டுக்கும் குடுத்தாச்சு, அப்பா. நீங்க கவலைப்பட வேண்டாம்," என்றாள். "தோகாஷி வீட்டம்மா சொன்னாங்க, கடையில வாங்கலாம்னு திட்டமாம். அது சரிப்படாது. நிஷிகோரி அம்மா கண்டுபிடிச்சிருப்பாங்க. நம்ம ஏரியில நான் மத்தியானத்துக்குள்ள பிடிச்சுட்டேன். உங்க பேர்லதான் குடுத்தேன்."

இந்த மீனை நான்தான் பிடித்தேன் என்று நிரூபிக்க வேண்டுமானால், தெரு தின்றது என் மீன் அல்ல என்று தெருவுக்குச் சொல்ல வேண்டும். அங்கே இப்போது எனக்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயர் வாழ்நாளில் முதல் தடவை. என் பக்கச் சாட்சி வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விழித்தால் சாவியைப் பற்றிச் சொல்வான்.

மிசாவோ வாளிமேல் குனிந்தாள். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி விளக்கில் பார்த்தாள். திரும்பப் போட்டாள்.

"இதை எந்தக் கடையில வாங்கினீங்க?"

வெந்நீர்க் குடுவையை மேசையில் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி மறுபடி விழ ஆரம்பித்திருந்தது.

"சாலையோரத்துல. ஏரிக்குப் பக்கம்," என்றேன்.

"ஏமாத்திட்டான்," என்று அடுப்பைப் பற்றவைத்தாள். "எல்லாம் பொடி மீன்."