ஸ்டோர் அக்கா கோடீஸ்வரியான கூட்டம்

சரித்திரப் புகழ்பெற்ற கூட்டங்களில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பிற்காலத்தவர் அடித்துக்கொள்வது வழக்கம். அந்தச் சங்கடம் நேராதிருக்க நானே எழுதி வைக்கிறேன். நீள மேசையின் தலைமாட்டில், கைவைத்த ஒரே நாற்காலியில், மேலாளர். அவருக்கு வலப்புறம், தலைமை அலுவலகம் அனுப்பிய "வருமான வளர்ச்சி ஆலோசகர்". அடுத்து கணக்கர். இடப்புறம், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில், இக்கிளையின் கடிதங்களை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவரும் நான். கதவோரம் ஸ்டூலில் ஸ்டோர் அக்கா. என்னைவிட இளையவர்தான், பதவி கருதி எல்லாருக்கும் அக்கா. பம்பு உதிரிபாகம் முதல் பேனா வரை அவர் கையெழுத்தில்லாமல் இங்கே எதுவும் நகராது.

கூட்டம் அவருக்காகவே கூடியது. வீட்டு உரிமையாளர் வாடகையை ஆயிரத்து ஐந்நூறு ஏற்றிவிட்டார். ஒன்றாம் தேதிக்குள் தராவிட்டால் சாமான் தெருவில். ஆகவே சம்பளத்தில் அதே ஆயிரத்து ஐந்நூறைக் கூட்டும்படி அக்கா விண்ணப்பித்திருந்தார். சாதாரண நிர்வாகமாக இருந்தால் கேட்டதைக் கொடுத்து அவரைச் சிறுமைப்படுத்தியிருக்கும். எங்கள் நிர்வாகம் தொலைநோக்குள்ளது. ஆலோசகரை அனுப்பியது.

அவர் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடது மூலையில் கிளம்பிய கோடு, வலது மூலையில் கூரையைப் பொத்துக்கொண்டு போனது.

"மேடம், இப்ப உங்க சம்பளம் பதினாலாயிரம். வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் வளருதுன்னு வச்சுக்கிட்டா, ரிட்டயர் ஆகுற வருஷம் மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம்! இருபது வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கோடியே இருபத்தொரு லட்சம்!"

கணக்கர் கைதட்டினார். பழக்கதோஷம்.

"அதுல ஆயிரத்தி ஐநூறு மட்டும் இப்பக் குடுத்துட்டு, மீதிய மெதுவாத் தாங்க சார்," என்றார் அக்கா.

"அப்படி நடுவுல உருவக் கூடாதும்மா. கோடு சரிஞ்சிடும்."

"போன மூணு வருஷமா ஒரு பைசா ஏறலையே சார்?"

"அது கடந்த காலம். நாங்க எதிர்காலம் மட்டும்தான் பார்க்கிறோம்."

இவ்வளவு தெளிவான வேலைப் பிரிவினையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மேலாளர் உருகிவிட்டார்.

"இன்னும் என்னம்மா வேணும்? நீ கோடீஸ்வரின்னு லெட்டர்ஹெட்லயே ஒரு சான்றிதழ் தரச் சொல்றேன். ஹவுஸ் ஓனர்கிட்ட காட்டு."

"ஐயோ, வேண்டாம் சார்! அதைப் பார்த்தா இன்னும் மூவாயிரம் ஏத்திடுவான்."

பிறகு அக்கா, ஒரு நல்ல கூட்டத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டார். "இந்தக் கோட்டுல ஏறி மேல போய்ச் சேர்ந்தவங்க யாராச்சும் இங்க இருக்காங்களா சார்? மொகத்தைப் பார்த்தா ஒரு நம்பிக்கை வரும்."

எல்லார் கண்ணும் மேலாளர் மேல் போனது. ஆலோசகருக்கு உற்சாகம். "சார், எவ்வளவுல சேர்ந்தீங்க? நாலாயிரத்தி ஐநூறா? இருபத்தாறு வருஷம்..." என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். "எண்பத்தஞ்சாயிரம்! சார் இப்ப வாங்குறது?"

மேலாளர் வாய் திறக்குமுன் கணக்கர் திறந்தார். அதுவும் பழக்கதோஷம். "நாப்பத்தோராயிரம்."

மேலாளர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப என்னோட நாப்பத்தி நாலாயிரம் எங்கய்யா?" என்றார், பேருந்தில் பை அறுபட்டவர் குரலில்.

கூட்டம் கலைக்கப்பட்டது. என்னை மட்டும் இருக்கச் சொன்னார்கள். மேலாளர் சொல்லச் சொல்ல எழுதினேன்: தமது வளர்ச்சியில் விழுந்துவிட்ட "பள்ளத்தை" மேலிடம் உடனே நிரப்ப வேண்டும். செலவு குறித்து மேலிடம் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டோர் பணியாளர் கேட்டுள்ள உயர்வை நிராகரித்து, அவ்வகையில் மிச்சமாகும் தொகையை இதன் முதல் தவணையாகக் கொள்ளலாம்.

ஓர் ஒற்றுப்பிழை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் பிழையில்லாமல் எழுத அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எதை எழுதக் கூடாது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

உறையும் பசையும் வாங்க ஸ்டோருக்குப் போனேன்.

"தலைமை ஆபீசுக்கா அண்ணே? நம்ம விஷயம் இருக்கா?"

"இருக்கு அக்கா. கடைசிப் பத்தி முழுக்க நீங்கதான்."

அக்காவின் முகம் மலர்ந்தது. என் கையிலிருந்த கடிதத்தைத் தாமே வாங்கி உறையிலிட்டு, பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.

"வழியில பிரிஞ்சிடக் கூடாது பாருங்க," என்று சொல்லி, கூரியர்காரர் கையில் கொடுத்தார்.