மெஷினுக்குக் காட்டிய இருநூறு கொட்டை

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் கோகோ மரம் வளர்த்தன. ஏன் என்று கேட்காதீர்கள். சிங்க ராசாவுக்குச் சாக்லேட் மேல் அப்படியொரு ஆசை.

கோகோவில் மணரகம் உண்டு, மட்டரகம் உண்டு. கொட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மட்டரக மரங்களையெல்லாம் வெட்டிவிடச் சொல்லி ராசா உத்தரவு போட்டார். எது எந்த ரகம் என்று சொல்ல ஒரு மெஷின் வந்து இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தை அது கொட்டை மேல் அடிக்கும். திரும்பி வருகிற வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு, திரையில் ஒரு புள்ளி வைக்கும். ஒரே ரகத்துப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூட்டம் கூடும்.

ஆனால் மெஷினுக்கு முதலில் பழக்கிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் மணரகம் என்று இருநூறு கொட்டையைக் காட்ட வேண்டும். குரங்கு கிளார்க்கு அந்த வேலையில் உட்கார்ந்து, நல்ல கொட்டைதானா என்று ஒவ்வொன்றாக ருசி பார்த்தது. தட்டு காலி. எண்ணிக்கை குறையக் கூடாதே என்று, வெள்ளாடு பேச்சி நடந்த வழியில் குனிந்து குனிந்து இருநூறு பொறுக்கி வைத்தது. நன்றாகக் காய்ந்த புழுக்கை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கோகோதான்.

சோதனை நாள் வந்தது. அணில் சொர்ணத்தின் மரத்துப் பொந்தில் மூன்று குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவள் கொட்டையைத் தட்டில் வைத்ததும் வாசனை வரிசைக் கடைசி வரைக்கும் போனது. மெஷின் மட்டரகம் என்றது.

"ஒருதரம் மோந்து பாருங்க சார்" என்றாள் நரி ஆபீசரிடம்.

"மூக்கெல்லாம் அந்தக் காலம்மா. புள்ளி எங்க விழுந்திருக்கு பாரு" என்ற நரி, கோடரிக்கு ஆள் அனுப்பியது.

அந்த நேரம் பார்த்துப் பேச்சி வரிசைக்குக் குறுக்கே போனாள். போகிறபோக்கில் அவளிடமிருந்து ஒன்று உருண்டு தட்டில் விழுந்தது. மெஷின் மணி அடித்தது. மணரகம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. நரி எழுந்து நின்று ஆட்டுக்குக் கைகொடுத்தது. குரங்கு தரையைப் பார்த்தது.

சொர்ணம் ஆட்டைத் தனியே கூட்டிப் போனாள்.

"பேச்சியக்கா, எனக்கும் ஒரு கைப்பிடி வேணும்."

"அதுக்கென்னடி, நடந்தா விழுது. கீழ்க்கிளைத் தழையை மட்டும் எனக்கு விட்டுடு."

மறு சோதனையில் மரம் பிழைத்தது. சாயங்காலத்துக்குள் காடே பேச்சிக்குப் பின்னால் வரிசை கட்டியது. சொர்ணத்தின் நிஜக் கொட்டையைச் சீண்ட ஆளில்லை. குரங்கு மட்டும் அடிக்கடி வந்துபோனது.

மணரகச் சாக்லேட் அரண்மனைக்குப் போனது. ராசா ஒரு கடி கடித்து, வெகுநேரம் மென்றார். மெஷினுக்கு ரிப்பன் வெட்டியவரே அவர்தான், எப்படித் துப்புவார்?

"மண்வாசனை தூக்கலா இருக்கு" என்றார்.

மந்திரிகள் ஆளுக்கு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நீதி: முதல்தரச் சரக்கு வேண்டுமென்றால் ஆட்டுக்குப் பின்னால் நடக்கவும்.