மச்சானின் தொட்டி

சாப்பாட்டு டப்பா நிறையச் சோப்புத்தூளை வைத்துக்கொண்டு அத்தான் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். உள்ளே யாருமில்லை. மச்சானின் கண்ணாடித் தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஏகப்பட்ட வயர்கள்.

அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்குப் பல வருட சர்வீஸ். மனைவியின் தம்பியை அங்கே சேர்த்துவிட்டு, தங்குவதற்குத் தன் வீட்டிலேயே இடமும் கொடுத்தார். வந்தவன் 'அத்தான், அத்தான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது மேனேஜர்கூட அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறார். அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் இந்த வருடம் ஆராய்ச்சி செய்ய ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தனி அறை, பெயர் போட்ட கதவு. அவரும் மனுப் போட்டார், மச்சானும் போட்டான். வயிறு எரியாதா?

"என் ஆராய்ச்சி என்னன்னா அத்தான்..." என்று மச்சான் ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? சாக்கடையைச் சுத்தம் செய்கிறான். கெடுத்தால் தீர்ந்தது.

டப்பாவைக் கவிழ்த்தார். நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. திருப்தியாகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு கொண்டு வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் மச்சான் அழுதுகொண்டு வருவான் என்று பார்த்தால், கேக்கோடு வந்தான்.

"அத்தான், இத்தனை நாள் சும்மா கிடந்த தொட்டி இன்னைக்குத்தான் வேலை செஞ்சுது!"

"அப்படியா, சந்தோஷம்." கேக் கசந்தது.

மறுநாள் ஒரு பாட்டில் வினிகரை ஊற்றினார். மச்சான் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அடுத்த நாள் மனைவியின் தலைச்சாயம். தொட்டி கன்னங்கரேலென்று ஆனது. மச்சான் துள்ளிக் குதித்து மேனேஜருக்கே போன் போட்டான்.

வீட்டில் வேறு ரகளை. "ஏங்க, சோப்புத்தூளைக் காணோம், வினிகரைக் காணோம், இப்ப என் டையையும் காணோம். எங்கதான் போகுது எல்லாம்?"

"உன் தம்பியைக் கேளு."

"அவன் மேல பழி போடாதீங்க. அவன் தங்கமான பிள்ளை!"

அந்த ஒரு வார்த்தைதான் அத்தானைக் கொன்றது.

ஆராய்ச்சி இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஓர் அம்மாள் வந்தார். மச்சானின் தொட்டி பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். வெளியே வந்தவர், "இடம் உங்க மச்சானுக்குத்தாங்க" என்றார்.

அத்தானுக்கு அடக்க முடியவில்லை. "என்ன மேடம் அநியாயம்! நுரையும் புளிப்பும் கறுப்புமா கிடக்கு. அந்தத் தண்ணி எங்க சுத்தமாச்சு?"

"சுத்தம் பண்றதா?" அம்மாள் சிரித்தார். "சாக்கடையில யாராவது திருட்டுத்தனமா எதையாவது கொட்டினா, என்ன, எப்பன்னு சொல்ற கருவிங்க அது. மூணு தடவையும் கரெக்டா பிடிச்சிருக்கு. கொட்டின ஆளு யாருன்னு கேட்டா மட்டும், 'வேணாம் மேடம், எங்க அக்கா பாவம்'னு சிரிக்கிறாரு!"