மூன்றாவது 'என்னங்க'

"என்னங்க!"

சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"சொல்லுங்க, காத்திருக்கிறேன்" என்று கூடத்திலிருந்து உடனே பதில் வந்தது.

மனைவி திறக்க வராத டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய முதல் 'என்னங்க'வுக்குப் பதில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டாவதுக்கு ஒரு இருமல் வரும். மூன்றாவதுக்குத்தான் "ம்ம்?" என்று ஏதோ கேட்கும். இன்றைக்கு என்னவென்றால் 'காத்திருக்கிறேன்'!

உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பதறி ஓடி வந்தாள். கணவர் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வயிற்றின்மேல் முந்தின நாள் வாங்கிய புதுப் போன் பளிச்சென்று விழித்திருந்தது.

"நீயா பேசினே?" என்றாள் போனிடம்.

"சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்க" என்றது அது, மரியாதையாக.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நேத்து அப்பா இதை ஆரம்பிச்சப்போ, 'என்னை எப்படிக் கூப்பிடுவீங்க, மூணு தடவை சொல்லுங்க'ன்னு கேட்டிருக்கு. அப்பா யோசிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. அந்த நேரம் பார்த்து நீ உள்ளேருந்து மூணு தடவை கூப்பிட்டிருக்கே. இப்போ இதோட பேரே 'என்னங்க'தான்."

தூக்கம் கலைந்து எழுந்த அப்பா கண்ணைக் கசக்கினார். "அப்போ எனக்கும் அதுக்கும் ஒரே பேரா?"

"ஆமாம்பா. ஆனா அது கூப்பிட்டா பதில் சொல்லுது. குடுங்க, மாத்தித் தர்றேன்."

"ஒண்ணும் வேணாம். எனக்குத் தெரியாதா? நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர் ரோஷத்தோடு. வினை அங்கேதான் ஆரம்பித்தது. மகள் அன்று மாலையே விடுதிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவர் ஒரு பர்னிச்சர் கடையில் விற்பனையாளர். கடையில் அவருக்குப் 'பொறுமை' என்று பெயர். வாடிக்கையாளர் கூப்பிட்டால், துடைத்துக்கொண்டிருக்கும் மேஜையின் நாலு காலையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவருக்குப் போட்டியாக இன்னொருவர் இருந்தார். கதவு திறப்பதற்குள் வாசலில் நிற்பவர் என்பதால் அவருக்குப் பெயர் 'புயல்'. முதலாளி இரண்டாவது கிளை திறக்கப்போகிறார். அதற்கு மேலாளர் பொறுமையா, புயலா என்பதுதான் கடையில் பேச்சு. பொறுமைக்கு அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. மேலாளர் அறையில் உட்கார ஒரு சுழல் நாற்காலியைக்கூட மனசுக்குள் பொறுக்கி வைத்திருந்தார்.

முதல் வேலையாகப் போனின் வாயை அடைக்கப் பார்த்தார். எதையோ தடவினார், எதையோ தள்ளினார். குரல் நின்றது. வெற்றி என்று நினைத்துத் தூங்கப் போனார்.

வாயை மூடிய போனுக்குக் காது மூடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி அலுத்துக்கொண்டாள்.

"என்னங்க, உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க, ஒரு நாள் லீவு குடுத்தா தேய்ஞ்சு போயிட மாட்டாருன்னு!"

போன் சொன்ன சொல்லைத் தட்டாமல் செய்தது.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"நல்லாப் பாருய்யா. எங்கேயாவது தேய்ஞ்சிருக்கேனா?"

பொறுமைக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து, அது முதலாளிக்கு அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தபிறகு புரிந்தது.

அன்று மாலை போனின் பெயரையே மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தார். 'பெட்டி' என்று வைக்கப்போவதாகத் திட்டம். மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அரை மணி நேரம் தேடி, எப்படியோ சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

'புதிய பெயரை மூன்று முறை சொல்லுங்க' என்று எழுத்து வந்தது. அவர் மூச்சை இழுத்துத் தொண்டையைக் கனைப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, பார்த்துங்க! என்னங்க, ஏதோ சிவப்பா மின்னுது! என்னங்க, விட்டுடுங்க, வெடிச்சுக்கிடிச்சு வைக்கப்போகுது!"

"நன்றி. உங்கள் குரல் இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது" என்றது போன். தடவிய தடவலில் அதற்குக் குரலும் திரும்ப வந்திருந்தது, முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக.

மறுநாள்தான் பெரிய கூத்து. புது வீட்டுக்குக் கட்டில் பார்க்க முதலாளி தன் மனைவியைக் கடைக்கு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பிக் கொஞ்சலாகக் கேட்டாள்.

"என்னங்க, இது எப்படி இருக்கு?"

"சொல்லுங்க, காத்திருக்கிறேன்" என்றது பொறுமையின் சட்டைப்பை, கடை முழுக்கக் கேட்கும்படியாக.

புயல் ஒரு பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினார்.

"யாருய்யா அது, என் பொண்டாட்டிக்குப் பதில் சொல்றது?" என்று முதலாளி உறுமினார்.

"போன் சார்! நான் இல்ல சார்!"

"விடுங்க" என்றாள் முதலாளி மனைவி சிரித்துக்கொண்டே. "அதுவாவது கூப்பிட்டவுடனே பதில் சொல்லுதே."

அது முதலாளிக்கு இன்னும் எரிந்தது. "இதோ பாரு, மாசக் கடைசியில மேலாளர் யாருன்னு சொல்லப்போறேன். அதுக்குள்ள இது இன்னொரு தரம் வாயைத் திறந்துச்சு, கிளையை மறந்துடு!"

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். மனைவிக்கும் பாவமாகப் போய்விட்டது. வேலைக்குப் போன் இல்லாமலும் முடியாது, வாடிக்கையாளர்களுக்குக் கட்டில் படம் அதில்தான் அனுப்ப வேண்டும். விடுதியில் இருந்த மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அது ஒரு நொடி யோசிச்சிட்டுத்தான்பா பேசும். அதுக்குள்ள வேற யாராவது பேசினா குழம்பிப் பேசாம இருந்துடும்."

பொறுமை துள்ளி எழுந்தார். "அவ்வளவுதானே? அதுக்கு முன்னாடி நான் பேசிட்டாப் போச்சு!"

அன்றிலிருந்து வீட்டில் பந்தயம். முதல் இரண்டு நாள் போன்தான் ஜெயித்தது. அவர் விடவில்லை. பல் தேய்க்கும்போது கூப்பிட்டாலும் நுரையோடு "சொல்லும்மா!" என்பார். குரல் மட்டும் போதாது என்று ஓடியும் வருவார், வந்த வேகத்தில் டப்பா மூடியைத் திறந்தும் கொடுத்துவிடுவார். மூன்றாம் நாளிலிருந்து போன் ஒரு தடவைகூட அவரை முந்தவில்லை.

"என்னங்க."

"சொல்லும்மா!"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

"பார்த்தியா, இன்னைக்கும் அதைத் தோற்கடிச்சுட்டேன்!" என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மனைவி சிரித்துக்கொண்டு உள்ளே போவாள். முன்பு மூன்று தடவை கூப்பிட்டு ஒரு வேலை சொன்னவள், இப்போது வேலையே இல்லாமல் பத்துத் தடவை கூப்பிட்டாள். எதற்கென்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பயிற்சி கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

கடையிலும் அதே கதை. வாடிக்கையாளர் "என்னங்க, இந்த மேஜை..." என்று வாயெடுப்பதற்குள் "சொல்லுங்க!" என்று எதிரில் நின்றார். துடைத்த மேஜைக்கு மூன்று கால் மட்டும் பளபளத்தது, நாலாவது கிடந்தது கிடந்தபடி. புயல் வாசலுக்கு ஓடும்போது பொறுமை ஏற்கெனவே அங்கே நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டில்களும் பீரோக்களும் வண்டியேறிக்கொண்டே இருந்தன.

மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். கூப்பிட்டு முடிப்பதற்குள் போய் நின்றார்.

"உனக்கு இனிமே பொறுமைன்னு பேரு சரிவராதுய்யா" என்றார் முதலாளி. "மேலாளர்னே வச்சுக்கலாம்."

பொறுமை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கடையை விட்டு இறங்கியவர் நேராகத் தெருமுனைக்குப் போனார், போன் வாங்கின கடைக்கு. கல்லாவில் இருந்த பெண் அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தாள்.

"மேலாளர் ஆயிட்டேம்மா!" என்றார் மூச்சு வாங்க. "இனிமே இதுகூட மல்லுக்கட்ட நேரமில்ல. எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசுற இந்த வாயை முதல்ல எடுத்து விட்டுடு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம் ஒரு மாதிரியாக அவரைப் பார்த்தாள்.

"சார், நீங்க மல்லுக்கட்ட ஆரம்பிச்ச மூணாம் நாளே உங்க வீட்டு அக்கா இதைக் கொண்டு வந்து, அந்த வாயை எடுத்து விடச் சொல்லிட்டாங்களே! 'அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே, இப்பத்தான் மனுஷன் நான் கூப்பிட்டா ஓடி வர்றாரு'ன்னு..."